கடற்கரையில் பச்சைக் கால்தடம் கீறினால் குப்பை குறையுமா? (நட்ஜ் பட்டறைக்குப் போய் வந்த ஒருத்தன்ர கேள்வி)

கச்சேரி_ரோட்டு (இழையைத் தொடங்கியவர்)

திருகோணமலை மாவட்டத்தில ஒரு உள்ளூராட்சி சபையில அபிவிருத்தி உத்தியோகத்தரா இருக்கிறன். எந்தச் சபை எண்டு கேக்க வேண்டாம், சம்பளம் வரவேணும். போன கிழமை உப்புவெளியில ஒரு ஹோட்டலில ரெண்டு நாள் பட்டறை: "நடத்தை அறிவியலும் பொதுக் கொள்கையும்". மத்தியானச் சாப்பாடு திறம், அதை முதலே சொல்லிப்போட்டன்.

எனக்கு விளங்கினது இவ்வளவுதான். ஒண்டையும் தடை செய்யாம, விலையையும் பெரிசா மாத்தாம, ஆக்கள் முடிவெடுக்கிற இடத்தை மட்டும் கொஞ்சம் மாத்தி வைச்சா நடத்தை மாறுமாம். அதுக்குப் பேர் நட்ஜ், மெல்லத் தள்ளிவிடுறது எண்டு அர்த்தம். ரிச்சர்ட் தேலர், காஸ் சன்ஸ்டீன் எண்ட ரெண்டு அமெரிக்கர் 2008இல இதைப் பெரிசாப் பரப்பினவை. தேலருக்கு 2017இல பொருளியலுக்கான நோபல் கிடைச்சது. 2010இல பிரிட்டன் அரசாங்கம் இதுக்கெண்டே ஒரு பிரிவைத் தொடங்கினது. ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்து ஆண்கள் கழிப்பறையில ஈ ஒண்டின்ர படத்தைப் போட்டு ஆக்களைக் குறி பாத்துப் போக வைச்ச கதையும் சொன்னவை. எல்லாரும் சிரிச்சாச்சு.

இப்ப வீட்டுப்பாடம். ஒவ்வொரு சபையும் ஒரு நட்ஜ் முன்மொழிய வேணும், செலவு குறைவா இருக்க வேணும். கோப்பன்ஹேகன் நகரத்தில நிலத்தில பச்சைக் கால்தடம் கீறி குப்பைத் தொட்டி வரைக்கும் கொண்டு போனவையாம், குப்பை குறைஞ்சதாம். எங்கட ஆக்கள் உடன அதையே எழுதிப் போட்டினம்: கடற்கரையில பச்சைக் கால்தடம்.

எனக்கு மனம் ஒப்பேல்ல. ஏன் எண்டு சொல்லவும் தெரியேல்ல. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

பெரியகடை_சில்லறை

கால்தடம் கீறினா எங்கட ரவுணுக்குள்ள திரியிற மான் பாத்து நடக்குமோ தம்பி?

டச்சுபேயிலயும் கோட்டை வாசலடியிலயும் ஒருக்கா விடிய அஞ்சரைக்குப் போய் நிண்டு பாருங்கோ. சனம் தொட்டிக்குள்ளதான் போட்டுட்டுப் போகுது. மான் வந்து தலையை விட்டு இழுக்கும், மிச்சம் காகமும் நாயும். ஏழு மணிக்கு வாறவன் "சனத்துக்கு அறிவில்லை" எண்டு படம் எடுத்துப் போடுவான். மான் பொலித்தீன் தின்னுறதைக் காணாத திருமலையான் இருக்கேலாது. மூடியுள்ள தொட்டி வைச்சு, ஒவ்வொரு நாளும் எடுத்தா அரைவாசிப் பிரச்சினை முடிஞ்சுது. அதுக்கு ஏன் நடத்தை அறிவியல்?

பச்சைப் பெயின்டு விக்கிறவன் எண்ட முறையில ஒரு விசயம்: கடற்கரைக் காத்துக்கு ரெண்டு மாசம் நிக்காது.

சல்லிக்கடல்

கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிறேன், கடைசி ஆண்டு. இந்தப் பாடம் எங்களுக்கு அரை அலகுதான், ஆனால் எனக்குப் பிடித்த அரை அலகு.

பெரியகடை அண்ணை, மான் விசயம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் ஈயையும் கால்தடத்தையும் வைத்து முழுத் துறையையும் எடை போடக்கூடாது. பட்டறைகளில் இவற்றைக் காட்டுவது படம் அழகாக இருப்பதால்தான். உண்மையில் பலமாக வேலை செய்தது வேறு ஒன்று: ஒன்றும் செய்யாமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதை மாற்றி வைப்பது. அமெரிக்காவில் கம்பனி ஓய்வூதியச் சேமிப்பில் சேர வேண்டுமானால் படிவம் நிரப்பு என்றிருந்ததை, சேர விருப்பமில்லாவிட்டால் படிவம் நிரப்பு என்று மாற்றினார்கள். சட்டமும் காசும் அதேதான், ஆனால் சேர்ந்தவர்கள் இரண்டு மடங்குக்கு மேல் கூடினார்கள். மட்ரியன், ஷே என்ற இருவர் 2001இல் வெளியிட்ட ஆய்வு அது. பிறகு தேலரும் பெனார்ட்சியும் இன்னொன்று செய்தார்கள்: "இப்போது சேமிக்க வேண்டாம், அடுத்த சம்பள உயர்வு வரும்போது அதிலிருந்து கொஞ்சம் வெட்டட்டுமா?" என்று கேட்டார்கள். சேமிப்பு 40 மாதத்தில் சம்பளத்தின் 3.5 வீதத்திலிருந்து 13.6 வீதமானது. கையில் வந்த காசு குறைவதாகத் தெரியாததால் வலிக்கவில்லை.

நமக்கு ஊழியர் சேமலாப நிதி சட்டப்படியே இருக்கிறது. சம்பளத்தில் தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். அங்கே நட்ஜுக்கு இடமில்லை, கட்டாயம்தான். ஆனால் மீன்பிடி, ஓட்டோ, மேசன் வேலை, கூலி வேலை என்று இந்த மாவட்டத்தில் பாதிப்பேருக்கு மேல் அந்த நிதிக்கு வெளியில்தானே?

லண்டன்_திருமலை

இங்க எனக்கு அப்படித்தான் நடந்தது. 2012இல இருந்து வேலையிடங்கள் படிப்படியா ஆக்களை ஓய்வூதியச் சேமிப்பில தானாச் சேர்க்கத் தொடங்கினது. நான் வெளியேறலாம், ஆனா இதுவரைக்கும் வெளியேறேல்ல. சோம்பல்தான் காரணம், அந்தச் சோம்பலால இப்ப கொஞ்சக் காசு இருக்கு.

வரிக் கடிதமும் கேள்விப்பட்டிருப்பீங்கள். கட்டப் பிந்தின ஆக்களுக்கு "பத்தில் ஒன்பது பேர் நேரத்துக்குக் கட்டுகிறார்கள், கட்டாத மிகச் சிலரில் நீங்கள் ஒருவர்" எண்டு ஒரு வசனம் சேர்த்து அனுப்பினவை. 23 நாளுக்குள்ள கட்டினவை 33.6 வீதத்தில இருந்து 38.7 வீதமானது. அஞ்சு புள்ளிதானே எண்டு நினைக்காதேங்கோ, கடிதம் எப்படியும் அனுப்பத்தான் வேணும். மேலதிகச் செலவு ஒண்டுமில்லை.

உங்கட சபைக்கும் இதைச் செய்யலாமே? கால்தடத்தை விடுங்கோ, சபை அறவிடுற வீட்டு வரி, அதான் சோலைவரி, அந்தக் கடிதத்தில ஒரு வசனம் சேருங்கோ.

பழைய_கணக்காளர்

முப்பது ஆண்டுக்கு மேல் சோலைவரிப் பதிவேட்டோடு வாழ்ந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

லண்டன் தம்பி சொல்வது அங்கே சரி. இங்கே "பத்தில் ஒன்பது பேர்" என்று எழுத முதல், பத்தில் எத்தனை பேர் கட்டுகிறார்கள் என்று யாராவது எண்ணினார்களா? நான் இருந்த காலத்தில் சில வட்டாரங்களில் நிலுவை தாத்தா காலத்திலிருந்து வந்தது. வீட்டுக்காரர் கனடாவில், வீட்டில் இருப்பவர் ஒற்றிக்கு இருப்பவர், உறுதி இன்னும் பாட்டியின் பெயரில். அந்த வட்டாரத்துக்கு "பெரும்பாலோர் கட்டுகிறார்கள்" என்று எழுதினால் பொய். உண்மையை எழுதினால் இன்னும் கேடு.

கேடு என்று சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவில் கல்லாகிப்போன மரங்கள் உள்ள தேசியப் பூங்கா ஒன்றில், "பலர் மரத்துண்டுகளை எடுத்துச் செல்வதால் காடு அழிகிறது" என்று பலகை வைத்துப் பார்த்தார்கள். திருட்டு கூடியது. எல்லாரும்தானே எடுக்கிறார்கள், நான் எடுத்தால் என்ன என்று. சியால்டினி என்ற உளவியலாளரின் குழு செய்த சோதனை. நம் ஊரில் மேடைக்கு மேடை "எங்கட சனம் ஒருத்தரும் ஒழுங்காகக் குப்பை போடுவதில்லை" என்று பேசுகிறோமே, அதுவும் அதே பலகைதான்.

சோலைவரியில் ஏற்கெனவே ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஆண்டு முழுவதற்கும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதம் கழிவு, அதாவது தள்ளுபடி. காலாண்டுக்குக் காலாண்டு முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம். இது தெரியாமலே கட்டி, கழிவு இழந்தவர்களை நான் கவுண்டரில் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். அறிவித்தலில் அது எங்கே அச்சிடப்பட்டிருக்கும் தெரியுமா? கட்டளைச் சட்டத்தின் பிரிவு இலக்கங்களுக்கெல்லாம் கீழே, கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில்.

பெரியகடை_சில்லறை

ஐயா, அது உண்மை. நான் பெப்ரவரியில கட்டுறவன்.

ஷொப்பிங் பேக் கதையையும் கேளுங்கோ. 2025 நவம்பர் 1இல இருந்து பேக் சும்மா குடுக்கேலாது, விலை போட வேணும். முதல் கிழமை கடையில சண்டை. "அஞ்சு ரூபாவுக்கும் கணக்குப் பாக்கிறீங்களோ" எண்டு. பேந்து என்ன நடந்தது? ரெண்டு சவுக்காரத்துக்குப் பேக் கேட்ட ஆக்கள் கையில கொண்டு போகினம். சில அம்மாமார் பழைய சாக்குப் பை தூக்கிக்கொண்டு வருகினம், என்ர அம்மா கொண்டு போனது போல. காசு இல்லாத ஆக்கள் மட்டுமில்லை, காரில வாற ஆக்களும். இதை நட்ஜ் எண்டு சொல்லலாமோ?

சல்லிக்கடல்

கறாராகப் பார்த்தால் இல்லை, அது விலை. ஆனால் ஐந்து ரூபா ஒருவரையும் ஏழையாக்காது, அதனால் விலை மட்டும்தான் காரணம் என்றும் சொல்ல ஏலாது. அமெரிக்கத் தலைநகர்ப் பகுதியில் ஒரு பொருளியலாளர் இதை ஒப்பிட்டுப் பார்த்தார். சொந்தப் பை கொண்டு வந்தால் 5 சதம் தருகிறோம் என்றபோது ஒருவரும் அசையவில்லை. பேக் வாங்கினால் 5 சதம் என்றபோது பாவனை விழுந்தது. அதே 5 சதம். கிடைப்பதை விட இழப்பது கூட வலிக்கும் என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதியது இதுதான். அயர்லாந்தில் 2002இல் 15 சத வரி போட்டபோது பேக் பாவனை 90 வீதத்துக்கு மேல் குறைந்தது.

இன்னொன்றும் இருக்கிறது: முன்பு கேட்காமலே பேக் வந்தது. இப்போது நீங்கள் வாய் திறந்து கேட்க வேண்டும். அந்தக் கேள்விதான் பாதி வேலையைச் செய்கிறது என்பது என் அபிப்பிராயம்.

முகமூடி

எல்லாரும் சந்தோசமாப் படிப்பிக்கிறீங்கள், ஒண்டு கேக்கிறன்.

இந்த ஊரில, இந்த மாகாணத்தில, அரசாங்கம் சனத்துக்குத் தெரியாம சனத்தின்ர மூளையை ஒரு பக்கம் தள்ளுது எண்டு சொன்னா உங்களுக்கு மேல் கூசேல்லையா? நேரா வந்து "இதைச் செய்" எண்டு சொல்லுறவனை எதிர்க்கலாம், வழக்குப் போடலாம். ஒளிச்சு நிண்டு தள்ளுறவனை என்ன செய்யிறது?

இதை நல்லாத் தெரிஞ்சது கம்பனிகள்தான். ஒரு போன் கம்பனி என்ர அம்மான்ர போனில ஏதோ பாட்டுச் சேவை எண்டு மாசக் கணக்கில காசு வெட்டினது. சேரக் கேட்டதே இல்லை. வெளியேற மட்டும் இலக்கம் அமுக்கி, மூண்டு மொழியில இசை கேட்டு, ஆளோட கதைச்சு, பேந்தும் "24 மணித்தியாலத்தில" எண்டவை. உங்கட நட்ஜின்ர உண்மையான முகம் அதுதான்.

சல்லிக்கடல்

முகமூடி, மேல் கூச வேண்டியதுதான். சன்ஸ்டீன் தேலர் தரப்பும் இதற்கு ஒரு நிபந்தனை வைக்கிறது: மக்களுக்கு முன் வெளிப்படையாகச் சொல்லிக் காக்க முடியாத எதையும் அரசு செய்யக்கூடாது. அம்மாவின் போன் அந்தப் பரீட்சையில் தேறாது. இப்படி வேண்டுமென்றே வைக்கும் சேற்றுத் தடைகளுக்கு அவர்களே ஸ்லட்ஜ் என்று சொல்கிறார்கள். தேலர் 2018இல் எழுதினார்: நட்ஜ் பற்றிப் பேசுவதோடு ஸ்லட்ஜை அள்ளவும் வேண்டும் என்று.

தம்பலகாமத்து_வயல்

நட்ஜ் கூடாதெண்டு சொல்லுற ஆக்கள் 2021ஐ மறந்திட்டினம் போல.

எங்களை ஆரும் நைசாத் தள்ளேல்ல. ஏப்பிரலில அறிவிச்சு, மே மாசம் வர்த்தமானி, ரசாயனப் பசளை இல்லை. ஒரே அடி. நவம்பரில வாபஸ். இடையில பெரும்போகம் விதைச்ச எங்களுக்கு என்ன விளைஞ்சது எண்டு கந்தளாய், தம்பலகாமம், சேருவில பக்கம் ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம். வெட்டு மெசின் கூலிக்கே காணாத வயல் இருந்தது. அப்பிடித் தள்ளுறதோட பாக்கேக்க, மெல்லமாச் சொல்லுறவன் ஆயிரம் மடங்கு நல்லவன். சேதனப் பசளைக்கு மாற நான் எதிரில்லை. ஒரு ஏக்கரில செய்து காட்டு, ரெண்டு போகம் பாப்பம், பேந்து மாறுவம். சொல்லுற விதம் எண்டு ஒண்டு இருக்கு.

தங்கச்சி, கென்யாவில பசளை ஆய்வு ஒண்டு எண்டு மகன் சொன்னவன், அது என்ன?

சல்லிக்கடல்

டுஃப்லோ, கிரெமர், ராபின்சன் என்ற பொருளியலாளர் மூவரும் 2011இல் வெளியிட்டது, ஐயா. கென்ய விவசாயிகளுக்குப் பசளை நல்லது என்று தெரியும், வாங்கவும் விருப்பம், ஆனால் போடும் காலம் வரும்போது கையில் காசு இருக்காது. அதனால் அறுவடை முடிந்த கையோடு, காசு கையில் உள்ளபோதே, "இப்போது வாங்கினால் வீட்டுக்கு இலவசமாகக் கொண்டு வந்து தருவோம்" என்றார்கள். சின்னச் சலுகை, குறுகிய காலம். பசளை போடும் காலத்தில் பாதி விலைக்குக் கொடுத்ததற்குச் சமமான பலன் கிடைத்தது.

தம்பலகாமத்து_வயல்

அதைத்தான் நாங்கள் கத்துறம்! இங்க பசளை மானியம் ஹெக்டேயருக்கு 25,000 ரூபா வங்கிக் கணக்குக்கு வருது, நல்ல விசயம். ஆனா அடிக்கட்டுப் பசளை போடுற நாளுக்கு வரேல்ல எண்டா அது பசளைக் காசில்லை, பிள்ளையின்ர கொப்பிக் காசு. ஒரு போகம் எனக்கு விதைச்சு முடிஞ்சு களை எடுக்கேக்க வந்தது. தொகையைக் கூட்ட வேண்டாம், திகதியைத் திருத்துங்கோ. ஒரு சதம் செலவில்லாத நட்ஜ். எழுதிக் குடுங்கோ உங்கட பட்டறைக்கு.

மிட்வைஃப்_மகள்

அம்மா குடும்பநல உத்தியோகத்தரா இருந்து ஓய்வு பெற்றவ. இந்த இழையை வாசிச்சுக் காட்டினேன். "இதுக்கே நோபல் குடுத்தவங்கள்?" எண்டு கேட்டா.

சும்மா பகிடிக்கில்லை. இந்தியாவில உதய்பூர்ப் பக்கம் பானர்ஜி, டுஃப்லோ ஆக்கள் செய்த தடுப்பூசி ஆய்வு பிரபலம், 2010இல வந்தது. முழுத் தடுப்பூசி போட்ட பிள்ளையள் 6 வீதம். கிராமத்துக்கே முகாம் ஒழுங்கா வந்தபோது 18 வீதம். முகாமோட ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும், முடிச்சா எவர்சில்வர் தட்டும் குடுத்தபோது 39 வீதம். உலகமே கைதட்டினது.

இலங்கையில பருப்பும் இல்லை தட்டும் இல்லை, கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைக்கும் ஊசி போகுது. போர்க்காலத்திலயும் எங்கட பக்கம் கிளினிக் நடந்தது. அம்மா செய்தது என்ன? பிள்ளை வளர்ச்சிப் புத்தகத்தில அடுத்த திகதியைத் தன்ர கையால எழுதிக் குடுப்பா. அண்டைக்கு வராட்டி அடுத்த நாள் சைக்கிளில வாசலில நிப்பா. "ஏன் பிள்ளை வரேல்ல, காய்ச்சலோ?" எண்டுதான் கேப்பா, ஏச்சு இல்லை. பேர் தெரியும், மாமியார் பேர் தெரியும், ஆர் வீட்டில என்ன சண்டை எண்டும் தெரியும். நினைவூட்டல், குறிச்ச திகதி, அக்கம்பக்கம் என்ன நினைக்கும் எண்ட யோசனை, எல்லாம் அந்தச் சைக்கிளில இருந்தது. களுத்துறையில 1926இல முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கின காலத்தில இருந்து வாற முறை.

அதால எனக்கு ஒரு பயம். இப்ப "மலிவா ஒரு எஸ்எம்எஸ் போதும்" எண்டு சொல்லுவினம். எஸ்எம்எஸ் வரலாம். அது அம்மா இடத்துக்கு வந்தா பிழை. எஸ்எம்எஸ்ஸுக்குப் பிள்ளைக்குக் காய்ச்சலோ எண்டு கேக்கத் தெரியாது.

பழைய_கணக்காளர்

மகளே, அம்மாவுக்கு என் வணக்கம்.

இதனோடு சேர்த்து ஒன்று. உறுப்புதானத்தில் இந்தத் துறையினர் அடிக்கடி காட்டும் கணக்கு: ஜெர்மனியில் சம்மதம் தெரிவித்தோர் 12 வீதம், பக்கத்து ஒஸ்திரியாவில் 99.98 வீதம். ஒன்றில் சேரப் படிவம், மற்றதில் விலகப் படிவம். ஆனால் இலங்கையில் வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் கண்தானச் சங்கம் தொடங்கியபோது ஒருவரையும் தானாகச் சேர்க்கவில்லை. கேட்டுத்தான் வாங்கினார். 1964இல் சிங்கப்பூருக்குக் கண் அனுப்பிய நாடு இது. ஸ்பெயின் உறுப்புதானத்தில் உலகில் முன்னணியில் நிற்பதும் சட்டத்தால் மட்டும் அல்ல. ஆஸ்பத்திரிதோறும் இதற்கென்றே பயிற்றப்பட்ட ஒருங்கிணைப்பாளர் இருந்து, குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுகிறார். படிவத்தில் 99 வந்தால் கோப்புத்தான் நிறையும்.

கிண்ணியா_பாலம்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். பிந்தி வாறன், கடலுக்குப் போய்ட்டு வந்து படுத்து எழும்பித்தான் வாசிச்சன்.

என்ட பேரைப் பாருங்க. 2009க்கு முன்ன நாங்க திருமலை ஆஸ்பத்திரிக்கு வாறதெண்டா பாதையில (ஃபெரியில) ஏறித்தான் வரணும். இரவில வயித்துவலி வந்தா விடியும் வரை பொறுக்கிறது, அல்லது ஓதிப் பாக்கிறது. அந்தக் காலத்து டொக்டர்மார் "இந்தச் சனத்துக்கு விழிப்புணர்வு இல்ல" எண்டு கூட்டத்துல பேசுவாங்க. 2009 ஒக்டோபர்ல பாலம் திறந்தாங்க, 396 மீட்டர். விழிப்புணர்வு ஒரே நாள்ல வந்திட்டுது. ஆரும் கால்தடம் கீறல்ல.

2017 மார்ச்சில டெங்கு அடிச்ச நேரமும் இதத்தான் கண்டன். அந்த வருசம் நாடு முழுக்க 186,000க்கு மேல நோயாளி, எங்கட ஊர் முன்னுக்கு நிண்டிச்சு. துண்டுப் பிரசுரம் மூட்டை மூட்டையா வந்தது. தண்ணி ஒழுங்கா வராத வளவுல சனம் ட்ரம்முல புடிச்சு வைக்கத்தான் செய்யும், ட்ரம்முல நுளம்பு வரத்தான் செய்யும். ட்ரம்முக்கு மூடி குடுத்த இடத்துல வேலை நடந்திச்சு. பிரசுரம் குடுத்த இடத்துல அத மடிச்சுப் புட்டுக் கட்டினாங்க.

கச்சேரி ரோட்டுத் தம்பி, உங்க மனசு ஏன் ஒப்பல்ல எண்டு நான் சொல்றன். பட்டறையில எல்லாம் சனத்தைத் திருத்துற கதை. அலுவலகத்தைத் திருத்துற கதை ஒண்டும் இல்ல. போன வருசம் ஒரு அலுவலகத்துக்கு உம்மாட உதவிப் பணத்துக்குப் போனன். பிறப்புச் சான்றிதழ் ஆறு மாசத்துக்குள்ள எடுத்ததா இருக்கணுமாம். உம்மா பொறந்து எழுபத்தெட்டு வருசம், ஆறு மாசத்துல மாறிடுவாவா? அத எடுக்க இன்னொரு கந்தோர், அங்க கையெழுத்து வைக்கிறவர் செவ்வாய்க்கிழமைதான் வருவாராம். பேந்து வந்த கடிதம் முழுக்கச் சிங்களத்துல. 1987லயே தமிழும் அரச கரும மொழியாப் போச்சு எண்டு பள்ளிக்கூடத்துல படிச்சோம். கடிதத்தக் கொண்டு போய்க் கடையில வாசிப்பிச்சன். வாசிக்கத் தெரியாத கடிதத்துல "பத்துல ஒன்பது பேர்" எண்டு எழுதினா என்ன, பத்துல பத்து எண்டு எழுதினா என்ன?

லண்டன்_திருமலை

நானா, நீங்கள் சொல்லுறதை இங்க ஆய்வாளரே எழுதிட்டினம். நிக் சேட்டர், ஜோர்ஜ் லோவன்ஸ்டீன் எண்ட ரெண்டு பேர், இவையே இந்தத் துறையில ஊறின ஆக்கள், 2022இல எழுதினவை. தனிமனிசரைத் திருத்துறதில கவனத்தைக் குவிச்சதால அமைப்பைத் திருத்த வேண்டிய கடமையில இருந்து அரசாங்கங்களும் பெரிய கம்பனிகளும் தப்பிட்டுது எண்டு. பாலத்தைப் பற்றி அவைக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பினம்.

சல்லிக்கடல்

எண்களும் அந்தப் பக்கமே சாய்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு நான் பக்கச்சார்பு என்று சொல்லக்கூடாது. டெல்லாவிக்னா, லினோஸ் இருவரும் 2022இல் அமெரிக்காவின் இரண்டு பெரிய நட்ஜ் பிரிவுகளின் சோதனைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். கல்விச் சஞ்சிகைகளில் வந்த ஆய்வுகளில் சராசரி மாற்றம் 8.7 வீதப் புள்ளி. அரசோடு சேர்ந்து நேரடியாகச் செய்தவற்றில் 1.4. காரணம், நல்ல பலன் வந்தவைதான் சஞ்சிகையில் அச்சாகின்றன. அதற்கு முந்திய ஆண்டு, படிவத்தின் மேல்பகுதியில் கையெழுத்து வாங்கினால் பொய் குறையும் என்ற புகழ்பெற்ற ஆய்வு, தரவு போலி என்று மீளப் பெறப்பட்டது.

1.4 என்றால் பூச்சியம் இல்லை. செலவில்லாத கடிதத்துக்கு அது லாபம்தான். ஆனால் 1.4ஐ வைத்து மூடியுள்ள தொட்டியை மறக்கச் சொன்னால் அது ஏமாற்று.

கச்சேரி_ரோட்டு

எல்லாருக்கும் நன்றி, உண்மையா. கால்தடத்தை வெட்டியாச்சு. பணிப்பாளருக்கு மானைக் காட்டிச் சொன்னன், சிரிச்சுக்கொண்டு விட்டிட்டார்.

பதிலுக்குச் சோலைவரி அறிவித்தலைத் திருத்துறம் எண்டு எழுதியிருக்கிறன். என்ர வரைவு இது, கிழிச்சுத் தொங்க விடுங்கோ:

"உங்கள் வீட்டுக்கான இந்த ஆண்டுச் சோலைவரி ரூ. ______. ஜனவரி 31க்குள் முழுவதும் கட்டினால் 10 வீதம் கழிவு உண்டு. எங்கள் சபைக்கு உட்பட்ட பெரும்பாலானோர் நேரத்துக்குக் கட்டுகின்றனர். உங்கள் வரியில் வீதி விளக்கும் குப்பை அகற்றலும் நடக்கின்றன."

மேல பாதி தமிழ், கீழ பாதி சிங்களம். பிரிவு இலக்கமெல்லாம் பின்பக்கம்.

பழைய_கணக்காளர்

மூன்று திருத்தம். "10 வீதம்" வேண்டாம். ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தனை ரூபா கழிவு என்று கணக்குப் போட்டு எழுதுங்கள், கணினியில்தானே இருக்கிறது. "பெரும்பாலானோர்" என்ற வசனத்தை, உண்மையாகவே பெரும்பாலோர் கட்டும் வட்டாரத்துக்கு மட்டும் போடுங்கள். மற்ற வட்டாரத்துக்கு வெட்டிவிடுங்கள். குப்பை அகற்றாத வீதிக்குக் குப்பை அகற்றல் நடக்கிறது என்று எழுதிக் கல்லெறி வாங்காதீர்கள்.

சல்லிக்கடல்

ஜனவரி 31ஐ மேலே பெரிய எழுத்தில் போடுங்கள். "பெப்ரவரி 1இல் கட்டினால் ரூ. ___ கூடுதலாகக் கட்ட வேண்டி வரும்" என்றால் இன்னும் பலம், இழப்பாகத் தெரியும்.

பழைய_கணக்காளர்

கூடுதல் என்று எழுத ஏலாது பிள்ளை. சட்டப்படி அது கூடுதல் இல்லை, கழிவு கிடைக்காது என்பதுதான். யாராவது ஒருவர் கடிதத்தோடு வழக்குக்குப் போவார். "பெப்ரவரி 1 முதல் இந்த ரூ. ___ கழிவை இழப்பீர்கள்" என்று எழுதலாம்.

சல்லிக்கடல்

அது இன்னும் நல்லம், ஐயா.

கிண்ணியா_பாலம்

கடிதம் வடிவா இருக்கு. எங்க, எத்தினை மணிக்குக் கட்டுறது எண்டு எழுதல்லயே? நான் விடிய கரைக்கு வந்து, மீன வித்துட்டு, படுத்து எழும்ப ரெண்டு மணி ஆகும். மூணு மணிக்குக் காசாளர் கணக்கு மூடிடுவார். ஜனவரி மாசத்துக்கு மட்டும் சனிக்கிழமை கவுண்டர் திறந்தா எங்கட வாடியில அரைவாசிப் பேர் கட்டுவான். வங்கிக் கணக்கு இலக்கம் போட்டா மிச்சப் பேர்ட புள்ளைகள் போன்ல கட்டுவாங்க.

பெரியகடை_சில்லறை

சனிக்கிழமை எண்டா நானும் ஜனவரியில வாறன்.

கச்சேரி_ரோட்டு

கேட்டாச்சு நானா. வங்கி இலக்கம் போட ஓம் எண்டிட்டினம். சனிக்கிழமைக் கவுண்டருக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு வேணும், அதுக்கு நிதி ஒதுக்கீடு இல்லையாம். அடுத்த பட்டறைக்கு இருக்காம், அதே ஹோட்டல். நான் இப்ப நாலு சனிக்கிழமைக்கு எவ்வளவு முடியும், போன ஜனவரியில எத்தினை பேர் கட்டினவை எண்டு ரெண்டு கணக்கையும் எடுத்துக்கொண்டு இருக்கிறன். கணக்காளர் ஐயா, அந்தப் பதிவேட்டில வட்டார வாரியாப் பிரிக்கிறது எப்படி எண்டு உள்பெட்டியில ஒருக்கா சொல்லுவீங்களோ?